பன்னிரண்டு வரை எண்ணுங்கள்: ஃபிளமெங்கோ பாடகி ஒருவரைக் கேட்பது எப்படி

ஃபிளமெங்கோ பாட்டை முதன்முதலில் நான் கேட்டது வீட்டுக் கூடத்தில், கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில். தொடங்கிப் பத்து விநாடி ஆகியிருக்காது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பத்து விநாடியில் சொல் என்று ஒன்றும் வரவில்லை. நீண்டு, வளைந்து, கடைசியில் உடைந்து இறங்கிய ஒரே ஒரு "ஆய்" மட்டும்தான். இது பாட்டா, பல்வலியா என்று எனக்கும் ஐயம் இருந்தது. அந்த "ஆய்" எதற்கு, எங்கே தொடங்கி எங்கே விழுகிறது என்பது விளங்க எனக்குப் பல மாதம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஃபிளமெங்கோ என்றதும் நம் கண்முன் வருவது புள்ளி போட்ட பாவாடையும் குதிகால் தட்டி ஆடும் பெண்ணும். ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் கேட்டால் வரிசை வேறாக இருக்கும். பாட்டுதான் அடிவேர்; ஆட்டமும் கித்தாரும் அதைத் தொட்டுக்கொண்டு வளர்ந்தவை என்பார்கள். பாட்டுக்கு அங்கே 'காந்தே' என்று பெயர். பொதுவாகப் பாடகர்களைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் 'கந்தாந்தே'. ஃபிளமெங்கோ பாடுகிறவரை அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆண் என்றால் கந்தாவோர், பெண் என்றால் கந்தாவோரா. தனிப் பெயர் வைக்கும் அளவுக்கு அது தனித் தொழில்.

அந்தத் தொழிலை விளக்க ஒருவரைப் பிடித்துக்கொள்வது நல்லது. நான் பிடித்துக்கொள்வது பஸ்தோரா பவோனை. 1890 பிப்ரவரி 10 அன்று செவில்யா நகரில் ஒரு ஹிதானோ குடும்பத்தில் பிறந்தவர். ஹிதானோ என்பது ஸ்பெயினின் ரோமா (ஜிப்சி) மக்களுக்கு அங்கே வழங்கும் பெயர். ஊர் அவரை அழைத்தது 'லா நீன்யா தே லோஸ் பெய்னெஸ்' என்று. பொருள், சீப்புகளின் சிறுமி. சின்ன வயதில் அவர் பாடிய ஒரு பாட்டில் சீப்பு வரும். அந்தச் சீப்பு பெயரோடு ஒட்டிக்கொண்டு எழுபத்தொன்பது வயது வரை இறங்கவே இல்லை. அண்ணன் அர்தூரோ பாடகர், தம்பி தொமாஸ் பாடகர், கணவர் பெப்பே பிந்தோவும் பாடகர். வீட்டில் யாராவது பேசினார்களா என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தப் பாடகர்களிடம் நாம் நினைக்கிற பொருளில் 'பாடல்' என்று ஒன்று கிடையாது. இசையமைப்பாளர் மெட்டுப் போட்டு, கவிஞர் வரி எழுதி, பல்லவி சரணம் என்று முழுதாகக் கைக்கு வருவது அல்ல அது. அவர்களிடம் இருப்பது 'பாலோ'. ஒரு குறிப்பிட்ட தாளச் சுற்று, மெட்டுகள் நகரும் ஒரு பாதை, அதற்குரிய மனநிலை ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு அச்சு என்று வைத்துக்கொள்ளலாம். சொலெயா, செகிரியா, தாங்கோஸ், புலெரியா, அலெக்ரியாஸ் எனப் பல பாலோக்கள் உண்டு. சொலெயா நிதானமும் கனமும் கொண்டது. செகிரியா இழவு வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பது. புலெரியா கல்யாண வீட்டுப் பின்கட்டில் நள்ளிரவுக்கு மேல் நடக்கும் கூத்து. அலெக்ரியாஸ் காதிஸ் துறைமுகத்தின் பாட்டு. உப்புக்காற்றும் வெயிலும் அதில் இருக்கும்.

அப்புறம் தாளம். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மீதியெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

தாளச் சுற்றுக்கு அங்கே 'கொம்பாஸ்' என்று பெயர். சொலெயாவுக்குப் பன்னிரண்டு எண்ணிக்கை. மேசையில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் விழ வேண்டும். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு என்று இடைவெளி வருவதைக் கவனியுங்கள். முதல் பாதி சாவகாசமாக நடக்கிறது, பின் பாதி காலை எட்டிப் போடுகிறது. ஐந்தாறு சுற்று தட்டினால் கை தானாகவே பத்தில் வந்து மூச்சு விட ஆசைப்படும். சொலெயாவில் வாக்கியம் முடிந்து இறங்கும் இடமும் அதுதான். புலெரியாவும் இதே பன்னிரண்டுதான், ஆனால் ஓட்டம். செகிரியாவும் பன்னிரண்டுதான், ஆனால் 2, 2, 3, 3, 2 என்று வெட்டுவார்கள். நொண்டி நடப்பது போல இருக்கும். தாங்கோஸ் மட்டும் நமக்குப் பழகிய நான்கு.

விரல் முட்டியால் தட்டச் சொன்னது சும்மா இல்லை. கித்தார் வாங்கக் காசில்லாத இடங்களிலும், கித்தார்காரர் வந்து சேராத பொழுதுகளிலும் மதுக்கடை மேசையில் முட்டி தட்டித்தான் பாடியிருக்கிறார்கள். கொம்பாஸ் தவறிப் பாடுகிற ஒருவருக்கு எவ்வளவு இனிய குரல் இருந்தாலும் அந்த ஊரில் மதிப்பில்லை. குரல் கரகரவென்று இருக்கலாம், உச்சம் எட்டாமல் போகலாம், மன்னிப்பார்கள். தாளத்துக்கு வெளியே போனால் மன்னிப்பு கிடையாது.

இனி வரிகள். சொலெயாவில் பாடுவது மூன்று அல்லது நான்கு அடிகள் கொண்ட சின்னஞ்சிறு பாட்டு. ஒவ்வொரு அடியும் சுமார் எட்டு அசை. பெரும்பாலானவற்றுக்கு எழுதியவர் பெயர் தெரியாது. நம் நாட்டுப்புறப் பாட்டுகளைப் போல வாய்வழி வந்தவை. மூன்றடி வகையில் முதலடியும் மூன்றாமடியும் ஒலியில் ஒத்துப்போகும், நடுவடி தனியாக நிற்கும். அமைப்பு புரிவதற்காக நானே சும்மா கட்டிய ஒன்று:

கதவைச் சாத்திப் போனாயே,
சாவி என் கையில் இருக்கு,
திறக்க மனசு வரலையே.

இவ்வளவுதான். வாசித்தால் ஐந்து விநாடி. ஒரு கந்தாவோரா இதை ஒரு நிமிடத்துக்கு விரிப்பார். முதலில் அந்த "ஆய்". அது அழுகை இல்லை. குரல் தனக்கான சுருதியையும் பாதையையும் தொட்டுப் பார்ப்பது. மெட்டு எந்தப் படிகளில் ஏறி இறங்கப் போகிறது என்று தனக்கும் கித்தார்காரருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவது. அப்புறம் "கதவைச் சாத்தி" என்பதோடு நிறுத்தி, கித்தாருக்கு ஒரு சுற்று விட்டுக்கொடுத்து, "போனாயே" என்பதன் கடைசி எழுத்தில் பிருகா அடுக்குவார். இரண்டாம், மூன்றாம் அடிகளை ஒரே மூச்சில் சேர்த்து இறக்குவார். பிறகு அதே இரண்டு அடிகளும் மறுபடி வரும், இந்த முறை மேலிருந்து. முதல் தடவை செய்தியாகக் கேட்ட "மனசு வரலையே" இரண்டாம் தடவை வேறு ஒன்றாகக் கேட்கும். சொற்கள் மாறவில்லை. நிறுத்திய இடம் மாறியிருக்கிறது.

இதில் இன்னொரு அடுக்கு உண்டு. தொடக்கத்தில் கேட்கிறவர்களுக்கு இது பிடிபடாது. சொலெயாவுக்கு ஒரே மெட்டு இல்லை. அல்கலா ஊரின் சொலெயா ஒன்று, திரியானாவின் சொலெயா ஒன்று, உத்ரேரா, காதிஸ், ஹெரெஸ் என்று ஊருக்கு ஊர் வேறு. ஊருக்குள்ளும் ஆளுக்கு ஆள் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லா செர்னெத்தா என்ற பெண் பாடிய மெட்டுகள் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. அல்கலாவின் ஹோவாக்கின் எல் தே லா பவுலாவுக்கும் அப்படியே. ஒரு பாடகி சொலெயா பாட உட்கார்ந்தால் நான்கைந்து மெட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கோத்துக்கொள்கிறார். தாழ்ந்த, குறுகிய ஒன்றில் தொடங்கி, உள்ளே போகப் போக உயரமானதையும் கடினமானதையும் எடுத்து, கடைசியில் ஒரு வேகமான முடிப்பு. அடுத்தது எந்த வரி, எந்த ஊர் மெட்டு என்பது கித்தார்காரருக்கு முன்கூட்டித் தெரியாது. பாடகியின் வாயையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே போவார். பாடகியின் கலை அந்தத் தேர்விலும் கோர்வையிலும் இருக்கிறது. எத்தனை மெட்டு தெரியும், எதை எங்கே வைக்கத் தெரியும் என்பதை வைத்துத்தான் ஊர்ப் பெரியவர்கள் எடை போடுவார்கள்.

பஸ்தோராவை அவர்கள் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. அநேகமாக எந்த பாலோவைச் சொன்னாலும் அவர் குரலில் ஒரு இசைத்தட்டு கிடைக்கும். 1910 வாக்கில் தொடங்கி 1950 வரை, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகளில் 250-க்கும் மேற்பட்ட பதிவுகள் செய்திருக்கிறார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அந்த மூன்று நிமிடத்துக்குள் சொலெயாவின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிப்பையும் அடக்க வேண்டும். வீட்டு விசேஷத்தில் விடிய விடியப் பாடுகிறவர்களை ஒரு ஒலிப்பதிவுக் குழாய்க்கு முன் நிறுத்தி 'மூன்று நிமிடம்' என்றால் பலர் திணறிப்போவார்கள். அவர் திணறவில்லை. குரலில் ஒரு உலோகத் தெளிவு, விளிம்பில் மட்டும் கொஞ்சம் மணல். பிருகா எவ்வளவு விரைவாகப் போனாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழும். கீறல் சத்தத்துக்கு நடுவிலும் கொம்பாஸ் கடிகாரம் போல நிற்கும்.

சுருதி பற்றியும் இரண்டு வார்த்தை. நம் ஊரில் பாடகரின் 'கட்டை' என்று சொல்கிறோமே, அதை அங்கே கித்தார்காரர் கேப்போவை நகர்த்திச் சரிசெய்வார். கித்தார் கழுத்தில் மாட்டும் இடுக்கிதான் கேப்போ. கச்சேரி தொடங்குமுன் கித்தார்காரர் அதை மாட்டுவதும், பாடகி தலையை ஆட்டுவதும், ஒரு படி மேலே தள்ளுவதும் பார்க்க நன்றாயிருக்கும். கனமான பாலோக்கள் பெரும்பாலும், ஆதார சுரத்துக்கு மேலே ஒட்டினாற்போல் ஒரு ரிஷபம் உட்கார்ந்திருக்கும் அளவுகோலில் நடக்கும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு, சுரக் கணக்கில் தோடியும் வகுளாபரணமும் மாறி மாறி எட்டிப் பார்ப்பது போல இருக்கும். உடனே "அது நம்மிடமிருந்து போனதுதான்" என்று வாட்ஸாப்பில் தட்டிவிட வேண்டாம். ரோமா மக்களின் முன்னோர் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது அவர்கள் மொழியை ஆராய்ந்து நிறுவப்பட்ட உண்மை. ஸ்பெயினில் அவர்களைப் பற்றிய முதல் ஆவணம் 1425-ஆம் ஆண்டுக்குரியது. ஆனால் ஃபிளமெங்கோ உருவானது அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அந்தலூசிய நாட்டுப்பாட்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பிய தாளங்களும் ஹிதானோ குடும்பங்களின் பாடுமுறையும் கலந்து. யாரும் மூட்டை கட்டிக் கொண்டுபோன சரக்கு அல்ல அது.

கித்தாரே இல்லாத வகையும் உண்டு. தொனா என்பார்கள்; அதன் ஒரு கிளை கொல்லுப்பட்டறையோடு சேர்த்துப் பேசப்படுவது. தாளச் சுற்றும் இல்லை, துணையும் இல்லை, குரல் மட்டும். நம் விருத்தத்தைப் போலச் சொல்லின் போக்கில் போகும். இதில் பேர் பெற்றவர் பஸ்தோராவின் தம்பி தொமாஸ். அக்காவுக்கு நேர் எதிர். கூச்ச சுபாவம், மேடை பிடிக்காது, தெரிந்த நாலு பேர் முன்னால் பாடினால் பாடுவார். அக்கா நூற்றுக்கணக்கில் தட்டு போட்டபோது அவர் விட்டுப்போனது விரல்விட்டு எண்ணும் அளவுக்கு. 1952-இல் அவர் இறந்தபோது பொதுமக்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. பாடகர்களுக்கோ அது பெரிய சாவு. அக்காவா தம்பியா என்று இன்றும் ரசிகர்கள் சண்டை போடுவதுண்டு. நான் அக்கா கட்சி. ஆனால் தொமாஸின் தொனாவைக் கேட்ட ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் கட்சி மாறிவிடுகிறேன்.

வாழ்க்கைப்பாடு

பாடி எப்படிச் சம்பாதித்தார்கள்? பஸ்தோராவின் சிறுவயதில் முக்கியமான இடம் 'கஃபே கந்தாந்தே'. மேசை நாற்காலி, மது, ஒரு மூலையில் மரமேடை, அதில் பாட்டும் ஆட்டமும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் முளைத்து 1920-கள் வரை ஓடியது. குடும்பத்துக்குள் பாடிக்கொண்டிருந்ததைச் சம்பளத் தொழிலாக்கியது இந்தக் கஃபேதான். பஸ்தோரா எட்டு ஒன்பது வயதிலேயே பொது இடத்தில் பாடத் தொடங்கிவிட்டார். பின்னர் செவில்யா, மாத்ரித் என்று கஃபே மேடைகளில் ஏறினார்.

இன்னொரு வருமானம் கண்ணுக்குத் தெரியாதது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள், பண்ணையார்கள், காளைச்சண்டை வீரர்கள் ஒரு மதுக்கடையின் உள்ளறையைப் பிடித்துக்கொண்டு இரவு முழுக்கப் பாட ஆள் கூப்பிடுவார்கள். செவில்யாவில் அலமேதா தே ஏர்குலெஸ் என்ற நீண்ட சதுக்கம். பாடகர்களும் கித்தார்காரர்களும் அங்கேயுள்ள கடைகளில் காத்திருப்பார்கள், இன்று யாராவது கூப்பிடுவார்களா என்று. கூப்பிட்டால் விடியும் வரை பாட வேண்டும். கூலி, கூப்பிட்டவனின் மனநிலையைப் பொறுத்தது. மகத்தான கலை என்று நாம் இன்று சொல்வதில் பெரும்பகுதி, போதையில் இருந்த எவனோ ஒருவனுக்காகப் பாடப்பட்டது. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பஸ்தோராவுக்கு முன்னால் இரண்டு பெரிய ஆட்கள் இருந்தார்கள். இருவருமே ஹெரெஸ்காரர்கள். ஒருவர் அந்தோனியோ சாக்கோன்: உயர்ந்த, மெல்லிய குரல், நுணுக்கமான அலங்காரம், 'தோன்' என்ற மரியாதை அடைமொழியோடு அழைக்கப்பட்டவர். மற்றவர் மனுவேல் தோரே: ஹிதானோ, இருண்ட குரல். அவரை நம்பிக் கச்சேரி வைக்க முடியாது. மனசில்லாவிட்டால் இரவு முழுக்க வாய் திறக்க மாட்டார். வேட்டைநாய், சண்டைச் சேவல், சட்டைப்பைக் கடிகாரம் என்றால் உயிர். மனசு வந்து பாடினால் கேட்டவர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்டதாகக் கதைகள். ஒருவரிடம் மெட்டுகளின் பட்டியல், மற்றவரிடம் பிசாசு. பஸ்தோராவின் பதிவுகளில் இரண்டும் கேட்கும்.

1922 ஜூன் 13, 14 இரவுகளில் கிரனாதாவின் அல்ஹம்ப்ரா வளாகத்தில் ஒரு போட்டி நடந்தது. இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும், அப்போது இளங்கவிஞராக இருந்த ஃபெதெரிகோ கார்சியா லோர்காவும் இதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் கவலை, 'காந்தே ஹோந்தோ' எனப்படும் ஆழமான பழம்பாட்டு வணிக மேடையால் அழிகிறது என்பது. அதனால் 21 வயது தாண்டிய தொழில்முறைப் பாடகர்கள் போட்டியிடக் கூடாது என்று விதி. பரிசு பெற்றவர்களில் ஒருவர் எழுபதைத் தாண்டிய கிழவர் எல் தெனாசாஸ். இன்னொருவர் மனோலோ கரகோல் என்ற சிறுவன். வேடிக்கை என்னவென்றால், தொழில்முறைப் பாடகர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்ன அந்த விழாவில் நடுவர் தலைமை சாக்கோனுக்கு. விருந்தினராகப் பாட அழைக்கப்பட்டவர்கள் பஸ்தோராவும் தோரேயும். மூவருமே பாடிப் பிழைத்தவர்கள். கெடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களிடம்தான் சொத்து முழுக்க இருந்தது.

பிறகு வந்தது 'ஓபெரா ஃபிளமெங்கா' காலம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஓபெராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓபெரா என்று போட்டால் கேளிக்கை வரி குறைவு. பெரிய அரங்கங்கள், காளைச்சண்டைத் திடல்கள், ஆயிரக்கணக்கில் கூட்டம், இனிப்பான மெட்டுகள். பஸ்தோரா இதிலும் பாடினார். 1930-களில் பெப்பே பிந்தோவை மணந்தார். சூதாட்ட மேசையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பாட்டுக்கு வந்தவர் பிந்தோ. உள்நாட்டுப் போருக்குப் பின் இருவரும் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள். 1949-இல் 'ஸ்பெயினும் அவள் பாடகியும்' என்ற பொருளில் பெயரிட்ட ஒரு மேடை நிகழ்ச்சி. அதன் பிறகு மெல்ல ஒதுங்கிக்கொண்டார்.

அந்த மதுக்கடைக் கதை

பஸ்தோராவைப் பற்றி உலகம் அறிந்தது பெரும்பாலும் ஒரே ஒரு கதை. அதைச் சொன்னவர் லோர்கா, 1933-இல் புவேனஸ் அயர்ஸில் ஆற்றிய உரையில். காதிஸில் ஒரு சின்ன மதுக்கடை. பஸ்தோரா பாடுகிறார். குரலோடு விளையாடுகிறார், எல்லாம் சரியாக விழுகிறது. கூடியிருந்தவர்கள் ஆடாமல் அசையாமல் இருக்கிறார்கள். குள்ளமான ஒரு ஆள் கிண்டலாக, "பாரிஸ் வாழ்க!" என்கிறான். நீ கெட்டிக்காரிதான், எங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்று பொருள். பஸ்தோரா எழுகிறார், நெருப்பு மாதிரியான சாராயத்தை ஒரு பெரிய கோப்பையில் ஒரே மடக்காகக் குடிக்கிறார், மறுபடி உட்கார்ந்து பாடுகிறார். இப்போது குரல் இல்லை, மூச்சு இல்லை, நயம் இல்லை, தொண்டை எரிகிறது. ஆனால் 'துவெந்தே' வந்துவிட்டது.

துவெந்தே என்பது நாட்டார் வழக்கில் வீட்டுக் குட்டிச்சாத்தான். லோர்கா அதை, கலைஞரின் உள்ளங்காலிலிருந்து ஏறி வரும், சாவை அருகில் உணர்கிற ஒரு சக்தி என்று விரித்தார். 'அருள் வந்து பாடினாள்' என்று நாம் சொல்வதற்கு அது கொஞ்சம் கிட்டே வரும், முழுதாக ஒட்டாது. அருளில் வேறொருவர் பேசுகிறார். துவெந்தேயில் ஆள் அவரேதான்.

கதை அருமை. எனக்கு அதனோடு ஒரு தகராறு உண்டு. இதைப் படித்துவிட்டு ஃபிளமெங்கோவுக்கு வருகிறவர்கள், நுணுக்கம் எல்லாம் வீண், தொண்டை கிழியக் கத்துவதுதான் உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பஸ்தோராவின் ஏதாவது ஒரு சொலெயாவைப் போட்டு, மேசையில் பன்னிரண்டு தட்டிப் பாருங்கள். உணர்ச்சி உச்சத்தில், சொல் பாதியில் உடைந்து, இனி தாளத்துக்குத் திரும்பவே மாட்டார் என்று தோன்றும் கணத்தில், கடைசி அசை பத்தில் வந்து உட்காரும். அந்த மதுக்கடையில் அவர் தூக்கி எறிந்ததாக லோர்கா சொன்ன எல்லாவற்றையும் எறிய வேண்டுமானால் முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும். சாராயம் மட்டும் குடித்துவிட்டுப் பாடியவர்கள் காதிஸில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அந்தக் கடையில் கூடியிருந்தவர்களில் ஒருவர் இக்னாசியோ எஸ்பெலேத்தா என்கிறார் லோர்கா. "நீ ஏன் வேலைக்குப் போவதில்லை?" என்று யாரோ கேட்டதற்கு, "நான் காதிஸ்காரன், நான் எப்படி வேலை செய்வது?" என்றாராம். இந்த ஆள்தான் ஒருமுறை அலெக்ரியாஸ் பாடும்போது வரி மறந்து, "திரிதித்ரான்" என்று பொருளில்லாத ஓசைகளை அடித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இன்று அலெக்ரியாஸ் அந்தத் திரிதித்ரானில்தான் வழக்கமாகத் தொடங்குகிறது.

பாரம்பரியம் சேர்வது இப்படியும்தான். பஸ்தோராவைப் 'பழமையின் காவலர்' என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை. அந்தலூசியக் கிராமங்களில் திருவிழா நாட்களில் ஊஞ்சல் கட்டி ஆடும்போது பாடும் பாட்டுகள் இருந்தன. ஊஞ்சலுக்கு அங்கே 'பம்பா'. நம் ஊரிலும் ஊஞ்சல் பாட்டு இருப்பதால் அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: வீச்சும் திரும்பலும். ஃபிளமெங்கோக்காரர்கள் தீண்டாத அந்தப் பாட்டை எடுத்து, கித்தாரும் கொம்பாஸும் கொடுத்துத் தட்டில் பதித்தவர் பஸ்தோரா. இன்று 'பம்பேரா' என்பது அங்கீகரிக்கப்பட்ட ஒரு பாலோ. பாடுகிற எல்லோரும் அவர் பாதையில்தான் தொடங்குகிறார்கள். பெத்தெனேராவும் அப்படியே. ஹிதானோக்கள் பலர் அது துரதிர்ஷ்டம் என்று பாடவே அஞ்சும் ஒரு வகை. பெத்தெனேரா என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஹிதானோ பெண்ணின் குரல்தான், பஸ்தோராவினுடையது. லோர்காவின் பெயரைச் சொல்லி 'லோர்கேன்யாஸ்' என்று புலெரியா தாளத்திலும் பாடினார். வாங்கி வைத்த சரக்கை அப்படியே பூட்டி வைக்கும் ஆள் அல்ல அவர்.

எங்கே தொடங்குவது

அவருடைய தாங்கோஸில் தொடங்குங்கள். நான்கு எண்ணிக்கை, இலகுவான துள்ளல். அவருக்குச் சீப்புப் பெயர் வந்ததும் தாங்கோஸ் வகையால்தான். பின்னணியில் யாரோ "ஓலே" என்பதும், தாளத்தோடு கைதட்டுவதும் கேட்கும். கைதட்டுக்கு 'பல்மாஸ்', உற்சாகக் குரலுக்கு 'ஹலேயோ' என்று பெயர். இது நம் சபையில் விழும் 'பலே', 'சபாஷ்' போன்றதுதான், ஒரு வேறுபாட்டோடு: ஓலே விழும் இடமும் தாளத்துக்குள் இருக்க வேண்டும். தவறான இடத்தில் ஓலே சொன்னால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாவதாக பம்பேரா, பெத்தெனேரா. மெட்டு தெளிவாக இருப்பதால் பிடித்துக்கொள்ளலாம். அப்புறம் சொலெயா, மேசை முட்டியோடு. செகிரியாவைக் கடைசிக்கு வையுங்கள். அதைப் பகலில், வேலைக்கு நடுவில், பின்னணி இசையாகப் போடாதீர்கள், ஒன்றும் ஏறாது. பழைய தட்டின் கீறல் சத்தம் முதல் இரண்டு நாள் உறுத்தும், அப்புறம் காது அதை ஒதுக்கிவிடும். மொழி தெரியவில்லையே என்ற கவலை வேண்டாம். வரிகளின் பொருள் தெரிந்தால் நல்லதுதான், ஆனால் ஸ்பானியம் பேசுகிறவர்களுக்கே பாதிச் சொற்கள் பிருகாவில் கரைந்து போகும்.

முதியவரானபின் பஸ்தோரா மேடைக்கு வரவில்லை. செவில்யாவின் லா கம்பானா பகுதியில் பெப்பே பிந்தோ நடத்திய மதுக்கடையில் உட்கார்ந்திருப்பார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. 1968-இல் அலமேதா தே ஏர்குலெஸ் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள், உயிரோடு இருக்கும்போதே. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிந்தோ இறந்தார். சில வாரங்களில், நவம்பர் 26 அன்று, அவரும். 1990-களின் பிற்பாதியில் அந்தலூசிய அரசு அவர் குரல் பதிவுகளைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் கொடுக்கிற தகுதி, ஒரு குரலுக்கு.

பாடகர்கள் கூலிக்காகக் காத்திருந்த அதே அலமேதாவில் இப்போது இன்னொரு சிலையும் இருக்கிறது. 1922-இல் கிரனாதாவில் பரிசு வாங்கிய சிறுவன் மனோலோ கரகோலின் சிலை.